கணவருக்குத் தெரியாமல் கார் ஷெட்டைக் கேரம் அறையாக மாற்றுகிறேன்: உப்பு பூத்த சுவரை என்ன செய்வது?

கடற்காற்று
19 ஜனவரி 2025

அனைவருக்கும் வணக்கம். புது வண்ணாரப்பேட்டையில் என் மாமனார் வாங்கிய வீட்டில் குடியிருக்கிறோம். வீட்டை ஒட்டி 10 அடி அகலமும் 18 அடி நீளமும் கொண்ட கார் ஷெட் ஒன்று உள்ளது. செங்கல் சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், முன்புறம் ரோலிங் ஷட்டர். காரை விற்று நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டதால் அது இப்போது பழைய சாமான்கள் போடும் இடமாகிவிட்டது.

என் கணவர் சரக்குக் கப்பலில் ஃபிட்டராக வேலை பார்க்கிறார். பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் புறப்பட்டார்; ஜூலை இரண்டாம் வாரம்தான் திரும்புவார். இளம் வயதில் மாவட்ட அளவில் கேரம் ஆடியவர். தெருமுனையில் இருந்த மன்றத்தின் கட்டடத்தை இடித்த பிறகு, விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கட்டிலின் மேல் பலகையை வைத்துக் குனிந்தே ஆடுகிறார். அரை மணி நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுகிறார். இந்த முறை அவர் வந்து ஷட்டரைத் தூக்கும்போது உள்ளே முறையான ஸ்டாண்டில் பலகையும், அதற்கு மேலே விளக்கும், உட்காரச் சரியான உயரத்தில் நாற்காலிகளும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. என் மாமியாருக்கு மட்டும் தெரியும்.

சிக்கல் சுவரில்தான் இருக்கிறது. தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றடி உயரம் வரை பூச்சு உப்பிப் பெயர்ந்து, வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. கையை வைத்தால் மாவுபோல் உதிர்கிறது. பார்க்க வந்த ஒருவர், நீர்த்தடுப்புக் கலவை சேர்த்த சிமெண்டால் பூசிப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் பத்து நாளில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். இன்னொருவர் நான்கடிக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டால் உப்பு கண்ணிலேயே படாது என்கிறார். எதைச் செய்வது?

கரணை
19 ஜனவரி 2025

சகோதரி, இரண்டையும் செய்ய வேண்டாம். என் அப்பா நாற்பது ஆண்டுகள் கொருக்குப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் கொத்தனாராக இருந்தவர். நானும் அதே தொழிலில்தான் இருக்கிறேன். நம் பகுதியில் சிமெண்டால் மூடி மறைத்த ஓதச் சுவர் (ஈரம் ஏறிய சுவர்) ஒன்றுகூட இரண்டு மழைக்காலம் தாண்டி நான் பார்த்ததில்லை.

காரணம் எளிது. மண்ணில் உள்ள ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறுகிறது. ஏறும் நீரில் கரைந்திருக்கும் உப்பு, நீர் ஆவியாகும் இடத்தில் தங்கிப் படிகமாகிறது. அந்தப் படிகம் பருக்கும்போதுதான் பூச்சைப் பிளந்து தள்ளுகிறது. சிமெண்டோ டைல்ஸோ போட்டு முகப்பை அடைத்துவிட்டால் ஈரம் நின்றுவிடாது. வெளியேற வழி தேடி இன்னும் உயரே ஏறும். இன்று மூன்றடியில் இருப்பது நாளை டைல்ஸுக்கு மேலே ஐந்தடியில் பூக்கும்.

எதையும் உடைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டடிச் சதுரமாகப் பாலிதீன் தாள் ஒன்றை வெட்டி, பூச்சு உறுதியாக உள்ள இடத்தில் நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி டேப்பால் ஒட்டி ஒரு நாள் முழுவதும் விட்டுவிடுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். அந்த ஷெட் முன்பு எதற்குப் பயன்பட்டது என்றும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

கடற்காற்று
22 ஜனவரி 2025

அண்ணா, சோதனை செய்தேன். தாளின் இரண்டு பக்கமும் வியர்த்திருந்தது. சுவர்ப்பக்கம் கொஞ்சம் அதிகம்.

நீங்கள் கேட்டதை மாமியாரிடம் கேட்டபோதுதான் எனக்கே தெரியாத ஒரு செய்தி கிடைத்தது. மாமனார் இந்த வீட்டை வாங்கும்போது அந்த இடம் மாட்டுத் தொழுவமாக இருந்திருக்கிறது. நான்கு மாடுகள் கட்டியிருந்தார்களாம். தொழுவத்தின் பின்சுவரையும் வடக்குச் சுவரையும் அப்படியே வைத்துக்கொண்டு, மேலே உயர்த்திக் கட்டித்தான் கார் ஷெட் ஆக்கியிருக்கிறார்கள்.

கரணை
22 ஜனவரி 2025

அப்படியானால் விஷயம் தெளிவாகிவிட்டது. மாட்டு மூத்திரம் ஆண்டுக்கணக்கில் ஊறிய செங்கலில் நைட்ரேட் உப்பு தங்கியிருக்கும். அந்த உப்புக்குத் தரையிலிருந்து ஈரம் வர வேண்டும் என்ற அவசியமே இல்லை. காற்றில் உள்ள ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். கடற்கரைக்குப் பக்கத்தில் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? ஆகவே உப்பை வெளியேற்றாமல் மேலே என்ன பூசினாலும் பயனில்லை.

நான் செய்வது இதுதான். உப்புப் படிந்திருக்கும் கோட்டுக்கு மேலே இன்னும் ஒன்றரையடி வரை, அதாவது நாலரையடி உயரத்துக்குப் பழைய பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்து, செங்கல் இடுக்குகளில் அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்ட வேண்டும். உதிர்ந்ததை ஷெட்டுக்குள் விடாமல் அன்றன்றே அள்ளி வெளியேற்ற வேண்டும். பிறகு சுவரைத் திறந்தபடியே விட்டு, பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்துத் தாளில் பிடித்து அப்புறப்படுத்த வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் செங்கலுக்குள்ளேயே போய்விடும். இரண்டு மாதமாவது இப்படி விடுங்கள். ஜனவரி கடைசியிலிருந்து வெயில் ஏறும் காலம் என்பதால் உங்களுக்கு நேரம் வாய்த்திருக்கிறது. பத்து நாளில் முடிக்க நினைப்பவர்களுக்கு இந்தச் சுவர் ஒத்துழைக்காது.

அதன் பிறகு சுண்ணாம்புப் பூச்சு. சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே அடைக்காது. எஞ்சியிருக்கும் உப்பு செங்கலைத் தின்னாமல் பூச்சில் வந்து தங்கும். சில ஆண்டுகள் கழித்து அந்தப் பூச்சு கெட்டால் அதை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி பூசிக்கொள்ளலாம். கலவைக்கு உங்கள் போர் தண்ணீரை ஒரு குடம்கூடச் சேர்க்காதீர்கள். நம் பகுதியில் போர் தண்ணீர் உவர்ப்பாக இருப்பது தெரிந்ததுதானே! மெட்ரோ தண்ணீரை, அதாவது மாநகரக் குடிநீரை, டிரம்மில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எர்ணாவூர்ப் பெண்
23 ஜனவரி 2025

தங்கச்சி, உங்கள் அன்பைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனாலும் மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, என் கணவர் என்னை மகிழ்விக்க எண்ணி அடுப்பங்கரையை முழுவதும் மாற்றிவிட்டார். கருப்பு கிரானைட் மேடை, புது அலமாரிகள் என எல்லாமே அழகாகத்தான் இருந்தன. என் பாட்டி எனக்குக் கொடுத்த ஆட்டுக்கல்லை மட்டும் காணவில்லை. யாரும் பயன்படுத்துவதில்லையே என்று கட்டட இடிபாடுகளோடு வண்டியில் ஏற்றிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இன்றும் அந்த மூலையைப் பார்த்தால் என் கண் கல்லைத் தேடுகிறது.

ஷெட்டில் கிடப்பது உங்களுக்குக் குப்பை. அவருக்கு அதில் எது என்னவென்று உங்களுக்குத் தெரியாது. அதனால் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்வதே நல்லது என்பது என் கருத்து.

பெரம்பூர் ஓய்வாளர்
23 ஜனவரி 2025

எர்ணாவூர்ச் சகோதரி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். எதையும் எறிய வேண்டாம். ஆனால் சொல்லாமல் செய்வதைக் கைவிடவும் வேண்டாம். ஆறு மாதம் கடலில் இருப்பவருக்குச் சொன்னால், அங்கிருந்தபடியே ஒவ்வொரு செங்கல்லுக்கும் கவலைப்படுவார். செலவு எதற்கு என்று நிறுத்தவும் சொல்வார்.

நான் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். கேரம்தான் என் மாலை நேரம். கேரம் வடசென்னையின் தெருவிளையாட்டு என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது ஒரு காலம். சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலகச் சாம்பியன் ஆனார்; 1996-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் பெற்றார். உங்கள் புது வண்ணாரப்பேட்டையின் செரியன் நகரைச் சேர்ந்த, ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளான காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஷெட் கேரம் அறையாவது பொருத்தமான காரியம்.

இனி அளவுகள். ஆடும் பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம். சுற்றியுள்ள மரச்சட்டத்தையும் சேர்த்தால் பலகை ஏறக்குறைய மூன்றடி வரும். நான்கு பக்கமும் நாற்காலி போட்டு ஆட்கள் எழுந்து உட்கார மூன்றடி விட்டால், ஒரு பலகைக்கு ஒன்பதடிச் சதுரம் தேவை. உங்கள் ஷெட் 18 அடி நீளம் என்பதால் இரண்டு பலகைகள் அச்சடித்ததுபோல் அமையும். ஸ்டாண்டின் உயரம் 63 முதல் 70 சென்டிமீட்டருக்குள்ளும், நாற்காலி இருக்கையின் உயரம் 40 முதல் 50 சென்டிமீட்டருக்குள்ளும் இருக்கட்டும். முதுகுவலி உள்ளவருக்கு இந்த இரண்டு அளவும்தான் மருந்து.

விளக்கு ஒவ்வொரு பலகைக்கும் நடுவே, மேலே மூடியிட்டுத் தொங்க வேண்டும். ஒளி பலகையில் மட்டும் விழ வேண்டும். ஆடுபவர் நிமிர்ந்தால் பல்பு கண்ணில் குத்தக் கூடாது. சீலிங் ஃபேன் வேண்டவே வேண்டாம். அதன் இறக்கை நிழல் பலகையில் ஓடினால் காயைக் குறிபார்க்க முடியாது, பவுடரும் பறக்கும். சுவரில் மாட்டும் ஃபேன் இரண்டு போதும்.

மின்னிணைப்பு
25 ஜனவரி 2025

வயரிங் பற்றி என் பங்குக்குச் சில. மிக்ஜாம் புயலின்போது உங்கள் ஷெட்டில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று பார்த்து, பிளக் பாயிண்டுகளை அதற்கு மேலேயே வையுங்கள். வயரை மேலிருந்து கீழே இறக்குங்கள். உப்புச் சுவரின் கீழ்ப்பகுதியைக் குடைந்து குழாய் புதைக்க வேண்டாம். இரும்புப் பெட்டிகள் உங்கள் பகுதிக் காற்றில் துருப்பிடித்துவிடும் என்பதால் பி.வி.சி. பெட்டி போடுங்கள். ஷெட்டுக்கு மட்டும் தனிச் சுற்று அமைத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) பொருத்திவிட்டால், தண்ணீர் வரும் நாளில் வீட்டு மின்சாரத்தைத் துண்டிக்காமல் ஷெட்டை மட்டும் நிறுத்திவிடலாம். எர்த் இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் விளக்கு தொங்கவிடத் துளை போடாதீர்கள். அதன் தூசியில் உள்ள நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. புற்றுநோய் வருவதற்குப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம் என்பதால்தான் நம்மவர்கள் அதை அலட்சியமாக அறுக்கிறார்கள். ஷீட் விரிசலில்லாமல் இருந்தால் அப்படியே விட்டுவிட்டு, சுவரில் தாங்கும் இரும்புச் சட்டம் போட்டு அதிலிருந்து விளக்கைத் தொங்கவிடுங்கள்.

கரணை
25 ஜனவரி 2025

அதே சட்டத்தில் கால்சியம் சிலிகேட் பலகை போட்டுவிட்டால் சீலிங்கும் ஆயிற்று, ஷீட்டின் சூடும் நேரே தலையில் இறங்காது. ஜிப்சம் பலகை ஈரத்தில் தொய்ந்துவிடும். ஷீட்டின் மேற்புறத்தில் வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கலாம்; ஏறி மிதிக்காமல், ஏணிப்பலகை போட்டு அடிக்க வேண்டும். அடிப்பதற்கு முன் ஷீட்டைப் பிரஷால் உலரத் தேய்த்துச் சுத்தம் செய்யக் கூடாது; அந்த நார்த் தூசி கிளம்பும்.

ஷட்டரை எடுத்துவிட்டுச் சுவர் வைக்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். வரைபட அனுமதியில் வாகனம் நிறுத்தக் காட்டிய இடத்தை நிரந்தரமாக வேறொன்றாக மாற்றுவது 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளுக்கு ஒவ்வாது. பலகையைத் தூக்கினால் மறுபடி வண்டி நிற்கும்படி இருக்கட்டும்.

கடற்காற்று
16 மார்ச் 2025

நீண்ட இடைவெளிக்கு மன்னிக்கவும். பூச்சைக் கொத்தி எடுத்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. முதல் வாரத்தில் காலையில் ஷட்டரைத் தூக்கினால் செங்கல் மேல் பஞ்சு ஒட்டியதுபோல் உப்பு பூத்திருக்கும். பழைய செய்தித்தாளைக் கீழே விரித்துப் பிரஷால் தேய்ப்பேன். ஒரு நாளைக்கு இரண்டு கைப்பிடி சேரும். இப்போது ஒரு தேக்கரண்டிகூட இல்லை. வடகிழக்கு மூலை மட்டும் இன்னும் அடங்கவில்லை.

எர்ணாவூர் அக்காவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் எழுதிய அன்றே சாமான்களை அள்ளிப்போடும் எண்ணத்தை விட்டுவிட்டேன். மாமியாரைத் திண்ணையில் உட்காரவைத்து, ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டிக் கேட்டேன். துருப்பிடித்த சைக்கிள் பம்பு ஒன்றை நான் பழைய இரும்புக்காரருக்கென்று ஒதுக்கியிருந்தேன். அது மாமனார் துறைமுகத்துக்கு வேலைக்குப் போன சைக்கிளுடையது என்று மாமியார் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பரணில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. உள்ளே நான்கு ஸ்ட்ரைக்கர்களும், ஓரம் கரையான் அரித்த சான்றிதழ்களும் இருந்தன.

சுவரில் சாய்த்திருந்த என் கணவருடைய பழைய பலகைதான் என்னைக் கலங்கவைத்தது. 2023 டிசம்பரில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தபோது அதன் கீழ்ப்பாதி ஊறிவிட்டது. பிளைவுட் அடுக்கு அடுக்காகப் பிரிந்து நிற்கிறது. சட்டத்தின் ஒரு மூலையில் கத்தியால் கீறிய சிறு பிறைக்குறி இருக்கிறது. மகன் முதன்முதலாகப் போட்டியில் வென்ற நாளில் மாமனார் கீறியதாம். இதைச் சரிசெய்ய முடியுமா, ஐயா?

பெரம்பூர் ஓய்வாளர்
16 மார்ச் 2025

மகளே, அடுக்கு பிரிந்த பிளைவுட்டை எந்தப் பசையும் மீட்காது. ஆனால் சட்டம் நல்ல மரமாக இருந்தால் அதற்கு நூறு ஆண்டு ஆயுள். பழைய சட்டத்துக்குள் புதுப் பலகை பொருத்தித் தரச் சொல்லுங்கள். பிளைவுட் 8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. தச்சரிடம் சட்டத்தின் மேல்முகத்தை இழைக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். அவர்கள் பளபளப்பாக்குவதாக எண்ணி அந்தப் பிறையையும் இழைத்துவிடுவார்கள்.

பலகை வந்ததும் ஒரு சோதனை உண்டு. நன்றாகப் பவுடர் போட்டு, ஸ்ட்ரைக்கரை முழுப் பலத்தோடு எதிர்ச்சட்டத்தை நோக்கி அடித்தால் அது இங்கும் அங்குமாக மூன்றரை ஓட்டம் ஓட வேண்டும். இரண்டோடு நின்றால் பரப்பில் குறை இருக்கிறது என்று பொருள்.

எர்ணாவூர்ப் பெண்
17 மார்ச் 2025

தங்கச்சி, மாமியாரைத் திண்ணையில் உட்காரவைத்துக் கேட்டதாக எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் என் மனம் நிறைந்துவிட்டது. சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்ற என் பேச்சை இப்போது நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவருடைய அம்மாவைக் கேட்டுச் செய்வதும் அவரைக் கேட்டுச் செய்வதும் ஒன்றுதான்.

கடற்காற்று
25 மே 2025

சுண்ணாம்புப் பூச்சு ஏப்ரல் முதல் வாரத்தில் முடிந்தது. கொத்தனாருக்கு நாளொன்றுக்கு 1,300 ரூபாய், சித்தாளுக்கு 800 ரூபாய் என ஒன்பது நாள் வேலை. ஈரச்சாக்கு கட்டி நிழலில் மெதுவாக உலரவிட்டோம். மேலே பெயிண்ட் கிடையாது. சுண்ணாம்பு வெள்ளைதான் மூன்று கை அடித்தோம்.

தரைக்கு டைல்ஸ் வேண்டாம் என்று முடிவு செய்தேன். கேரம் பவுடர் சிந்தினால் வழவழப்பான டைல்ஸில் வழுக்கும் என்று மாமியாரின் வயதை எண்ணிப் பயந்தேன். கார் எண்ணெய் ஊறிய பழைய தளத்தைக் கொத்திவிட்டு, கனமான பாலிதீன் தாள் விரித்து, மூன்று அங்குலத்துக்கு ஜல்லி போட்டு, மேலே ரெட் ஆக்சைடு, அதாவது சிவப்புச் சாயம் கலந்த சிமெண்ட் பூச்சு. இந்த வேலை தெரிந்தவரைத் தேடிப் பிடிக்கவே பன்னிரண்டு நாள் ஆனது. வந்தவர் எழுபது வயதுப் பெரியவர். பூச்சு இறுகத் தொடங்கும் அந்த ஒரு மணி நேரத்தில் யாரையும் பக்கத்தில் பேசவிடவில்லை. மண்டியிட்டுப் பின்னோக்கி நகர்ந்தபடி, இரும்புக் கரணையால் முகம் தெரியும்வரை தேய்த்துக்கொண்டே போனார். மறுநாளிலிருந்து பாத்தி கட்டி ஏழு நாள் தண்ணீர் நிறுத்தினோம்.

என் கணவர் தினமும் இரவில் வீடியோவில் அழைக்கிறார். பின்னால் கொத்துச் சத்தம் கேட்டு ஒருமுறை கேட்டபோது, பக்கத்து வீட்டில் வேலை நடக்கிறது என்றேன். அவரிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான், அது உறுத்துகிறது.

மின்னிணைப்பு
25 மே 2025

வந்ததும் சொல்லிவிடலாம், சகோதரி. ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க மறக்காதீர்கள்.

கடற்காற்று
14 ஜூலை 2025

முந்தாநாள் மாலை வந்தார். பெட்டியை வைத்துவிட்டுக் குளிக்கப் போனவரை, ஷெட்டில் எலி செத்த நாற்றம் வருகிறது, பாருங்கள் என்று மாமியார்தான் அனுப்பினார்.

ஷட்டரைப் பாதி தூக்கியவர் அப்படியே குனிந்தபடி நின்றுவிட்டார். இரண்டு விளக்கையும் முன்பே போட்டு வைத்திருந்தேன். உள்ளே வந்ததும் பலகையைப் பார்க்கவில்லை. சுவரருகே போய், முன்பு பெயர்ந்திருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து, கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஆணியில் மாட்டியிருந்த சைக்கிள் பம்பைப் பார்த்தார். அதற்கு அப்புறம்தான் பலகைக்கு வந்தார். கட்டைவிரல் நேராகப் பிறை இருந்த மூலைக்குப் போனது. "சட்டம் இதுவேதானா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். பிஸ்கட் டப்பாவைக் கொடுத்ததும் அதில் பழுப்பேறிய ஒரு ஸ்ட்ரைக்கரை எடுத்து, பவுடர் தூவி, ஓங்கி அடித்தார். நானும் மாமியாரும் சேர்ந்தே எண்ணினோம். மூன்றரை வந்தது, ஐயா.

பக்கத்து வீட்டு வேலை என்று சொன்ன பொய்யை அன்றிரவே சொல்லிவிட்டேன். நேற்று மாலை தெருப் பிள்ளைகள் ஆறு பேர் வந்து இரண்டாம் பலகையைப் பிடித்துக்கொண்டார்கள். கட்டணம் ஏதும் வாங்கப்போவதில்லை.

கரணை அண்ணா, ஒன்று கேட்க வேண்டும். வடகிழக்கு மூலையில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு லேசாக மறுபடி பூத்திருக்கிறது. பூச்சு கெட்டியாகவே இருக்கிறது. என்ன செய்வது?

கரணை
14 ஜூலை 2025

பயப்பட வேண்டாம். செங்கலுக்குள் மிச்சமிருந்தது சுண்ணாம்புக்கு வந்திருக்கிறது. அது அதன் வேலையைச் செய்கிறது. வாரம் ஒருமுறை உலர்ந்த பிரஷால் தேய்த்து எடுங்கள். பலகைகளை அந்த மூலையில் சாய்த்து வைக்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் டிசம்பர் கடைசியில் படம் எடுத்துப் போடுங்கள். பூச்சு உப்பியிருந்தால் அந்த ஒரு சாண் அளவை மட்டும் நானே வந்து மாற்றித் தருகிறேன்.